சுவரில் இருபத்துநான்கு பைகள்

மருந்து வாங்கினதும் கிளம்பிவிடுவோம், முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுவோம் என்று என் வீட்டுக்காரர் நயினார் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னார். சரி என்றேன். மதினி எப்படி இருக்காக என்று கேட்டேன். நல்லாத்தான் இருக்கா, உன்னைப் பத்திக் கேட்டா என்றார். என்ன கேட்டாக என்று நான் கேட்பதற்குள் அங்கே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், லைன் போய்விட்டது. என்னைப் பற்றி என்ன கேட்டிருப்பாள். பகவதி சாப்பிட்டாளா என்று கேட்டிருக்கலாம், அப்படிக் கேட்கிறவள்தான். பகவதி வீட்டில்தான் இருக்காளா என்று கேட்டிருக்கலாம். பகவதி உங்கிட்ட ஏதாவது சொன்னாளா என்று கேட்டிருந்தால்? அப்படிக் கேட்டிருந்தால் இவர் குரல் இவ்வளவு சாதாரணமாக இருந்திருக்காது. ஆனால் இவர் குரல் எப்போதுமே சாதாரணமாகத்தான் இருக்கும், மில் மூடி வேலை போனதைச் சொன்ன அன்றைக்கும் மோர் இருக்கா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார். மணி பதினொன்று பத்து. சனிக்கிழமை. மகள் ஹரிணிக்குப் பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸ், ஒரு மணிக்குத்தான் வருவாள். முக்கால் மணி நேரம் போதும். இந்தச் சுவரில் இருக்கிறதையெல்லாம் எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டால், மதினி உள்ளே வந்து கையை நீட்டும்போது எல்லாம் முன்பு இருந்த இடத்திலேயே இருந்தால், இருந்தால் என்ன? அதற்கு மேல் நினைப்பு நகரவில்லை. முதலில் எடுத்து வை.

ஹாலின் நீளச் சுவரில் பச்சைத் துணி தொங்குகிறது. கெட்டித் துணி, அதில் வரிசைக்கு நாலாக ஆறு வரிசை, இருபத்துநான்கு பைகள். அதற்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று கம்பிக்கூடைகள், ஆணி அடித்து மாட்டியது. மேல் வரிசையிலிருந்து ஆரம்பிக்கிறேன். தையல் நூல்கண்டுகள், டேப், போன் சார்ஜர், இன்னொரு சார்ஜர், எந்தப் போனுக்கு என்று தெரியாத மூன்றாவது சார்ஜர். ரேஷன் கார்டு, கரண்ட் பில், ஹரிணியின் ஸ்கேல், பேனாக்கள், ரப்பர் பேண்டுகள். இரண்டாவது வரிசையில் தைலம், மாத்திரை அட்டைகள், பஞ்சு, சீப்பு. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைக்கிறேன். செவ்வாய்க்கிழமையும் இதெல்லாம் தரையில்தான் கிடந்தது. அன்றைக்கு நான் வைக்கவில்லை, ராத்திரி வந்து கைக்கு வந்தபடி பைகளில் அள்ளிப் போட்டது மட்டும்தான் நான். அதை இப்போது நினைக்காதே, கையை மட்டும் பார். நூல்கண்டுகள் முன்பு எங்கே இருந்தன? தையல் மிஷின் டிராயரிலா, அல்லது பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரியின் கீழ்த்தட்டிலா? எனக்குத் தெரியவில்லை. நாற்பது நாளைக்கு முன்புவரை மூன்று வருஷம் ஒரே இடத்தில் இருந்த நூல்கண்டு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மதினியிடம் கேட்டால் தெரியும்.

மதினி நயினாரின் அக்காள், செண்பகவல்லி. அவர்களுடைய அம்மா போனபோது இவருக்கு ஏழு வயது, அவளுக்குப் பத்தொன்பது. கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று வந்தது, தம்பியும் கூட வருவான் என்று இவள் சொன்னதும் நின்றது, பிறகு வரவே இல்லை. சங்கரன்கோவில் கூட்டுறவு பண்டகசாலையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை, முப்பது வருஷம். எந்தச் சாமான் எந்த அடுக்கில் என்று திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி எடுப்பாளாம், இவர் பெருமையாகச் சொல்வார். சர்க்கரை கண்ணுக்குப் போய், முதலில் படிக்க முடியாமல், பிறகு முகம் தெரியாமல், இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும். அங்கே தனியாக இருக்க முடியாது என்று ஆனபோது, இவர் என்னிடம் கேட்கத் தயங்கிக்கொண்டே நாலு நாள் திரிந்தபோது, நான்தான் சொன்னேன், கூட்டிட்டு வந்திருங்க, அவுக இல்லாம நீங்க ஏது என்று. நான்தான் சொன்னேன். அது பொய் இல்லை. அன்றைக்கு அதை முழு மனசோடுதான் சொன்னேன். இப்போது அதை எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வதுதான் அசிங்கமாக இருக்கிறது.

வந்த முதல் மாசமே அவள் இந்த மாடி வீட்டைக் கையால் படித்துவிட்டாள். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, அடுக்களை. சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்து, ஜன்னலை எண்ணி, அலமாரித் தட்டுகளை எண்ணி. பிறகு ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு இடம் வைத்தாள். உப்பு, புளி, லைட்டர், கத்தரிக்கோல், எதுவும் அதனதன் இடத்தில். நான் பள்ளிக்கூட ஆபீஸில் டைப் அடித்துவிட்டு ஐந்து மணிக்கு வந்தால் சோறு வடித்து, காய் நறுக்கி வைத்திருப்பாள். கண் தெரியாமல் அவள் நறுக்குகிற வெண்டைக்காய் என்னுடையதைவிட ஒரே அளவாக இருக்கும். எல்லாரும் கொடுத்து வைத்தவள் என்றார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் எழுந்ததும் அதைத் திரும்ப வைக்க வேண்டும். ஒருதரம் வாளியை நடையில் வைத்துவிட்டேன், மதினி இடித்துக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை, காலைத் தடவிக்கொண்டு வாளியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லி முடித்திருப்பேன். அவள் சத்தம் போடவே மாட்டாள். என் வீட்டில் கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்று நான் அவளைத்தான் கேட்க வேண்டியிருந்தது. என் பெண் ஜாமெட்ரி பாக்ஸைக் காணோம் என்றால் அம்மா என்று கூப்பிடாமல் அத்தை என்று கூப்பிட்டாள். இதெல்லாம் ஒரு குறையா? வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால் சொல்லவில்லை, உள்ளேயே வைத்துக்கொண்டேன். அப்படி எவ்வளவு நாள் வைத்துக்கொண்டேன் என்று பார்த்தால் பயமாக இருக்கிறது.

மணி பதினொன்று இருபத்தைந்து. மூன்றாவது வரிசை.

இதெல்லாம் போனில் பார்த்த ஒரு வீடியோவில் ஆரம்பித்தது. சின்ன வீடு, தரையில் ஒரு சாமான் கிடையாது, எல்லாம் சுவரில், பையிலும் கூடையிலும். தரை எவ்வளவு பெரிதாகிவிட்டது பாருங்கள் என்று ஒரு பெண் கையை விரித்துக் காட்டினாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன், பஸ்ஸில் பார்த்தேன், நூறு தடவை பார்த்திருப்பேன். ஹரிணிக்கு மேஜை போட்டுப் படிக்க இடம் வேண்டும், அது உண்மை. அந்த அலமாரியை எடுத்துவிட்டால் மேஜை போடலாம், அதுவும் உண்மை. மதினிகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா என்றார் நயினார். கேட்டேன். சாமானெல்லாம் சுவர்ல மாட்டப்போறேன் மதினி, இடம் கிடைக்கும், உங்களுக்கு ஒவ்வொரு பையா சொல்லித் தாரேன் என்றேன். புள்ளைக்குப் படிக்க இடம் வேணும்லா, செய்யி என்றாள். டிரில் போடுகிறவர் வந்து சுவரைத் துளைத்த மூன்று மணி நேரமும் அவள் காதைப் பொத்திக்கொண்டு படுக்கையறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அலமாரி கீழே போனது. சாயங்காலம் ஹால் அப்படி விரிந்து கிடந்தது. எனக்கு அழுகை வருகிற மாதிரி சந்தோஷம். இந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருஷத்தில் அன்றைக்குத்தான் இது என் வீடு என்று தோன்றியது. மதினி கட்டிலிலிருந்து எழுந்து வந்தாள். அலமாரி இருந்த இடத்தில் கையை வைத்தாள். கை காற்றில் போய், வெறும் சுவரில் பட்டது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். நல்லா இருக்கா என்று என்னைக் கேட்டாள். ரொம்ப நல்லா இருக்கு மதினி என்றேன்.

ஒருமுறை சொல்லிக் கொடுத்தேன். ஒரே ஒருமுறை. இருபத்துநான்கு பையையும் அவள் கையைப் பிடித்து வைத்து, இது நூல், இது சார்ஜர், இது உங்க போன், இது உங்க மாத்திரை, இது உங்க கல்கண்டு. சர்க்கரை ஏறும் என்று ஊசி போடுகிறவளுக்குச் சர்க்கரை இறங்கினாலும் ஆபத்து, தலை கிறுகிறுத்தால் உடனே வாயில் போடக் கல்கண்டு பக்கத்தில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முன்பு அது ஜன்னல் திட்டில் டப்பாவில் இருந்தது. அடுப்பில் பால் வைத்திருந்தேன், வேகமாகத்தான் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் கேட்டபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதற்கடுத்த நாள் அவள் கேட்கவில்லை.

அவள் வேறு வழி பார்த்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹரிணியை வைத்துக்கொண்டு பைகளின் விளிம்பில் ஊக்கு குத்தினாள். ஒரு ஊக்கு என்றால் மாத்திரை. இரண்டு ஊக்கு என்றால் போன். சட்டைப் பொத்தான் தைத்திருந்தால் கத்தரிக்கோல். சிவப்பு வளையல் துண்டு ஒன்றை நூலால் கட்டியிருந்தது கல்கண்டுக்கு. சிவப்பு அவளுக்குத் தெரியாது, ஹரிணிதான் தேர்ந்தெடுத்திருப்பாள். சாயங்காலம் கடையிலிருந்து வந்து பார்த்தபோது என் பச்சைச் சுவர் முழுக்கத் துருப்பிடித்த ஊக்கும் பொத்தானும் நூலும். நல்ல யோசனைதான் மதினி என்றேன். ஒரு வாரத்தில் விரலை விளிம்பில் ஓட்டியபடியே வேண்டியதை எடுக்க ஆரம்பித்துவிட்டாள். ஹரிணி மறுபடியும் அத்தை, என் காம்பஸ் எங்கே என்று கேட்க ஆரம்பித்தாள். எத்தனை நாளைக்கு அது என் சுவராக இருந்தது? பதினைந்து நாள் இருக்குமா?

கம்பிக்கூடையில் விரலைக் கிழித்துக்கொண்டேன். பரவாயில்லை. மணி பார்க்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா டீச்சர் வருவதாகச் சொன்னாள். ஸ்டாஃப் ரூமில் நான்தான் சுவரைப் பற்றிப் பெருமையடித்திருந்தேன், பார்க்க வருகிறேன் என்றாள். காலையிலேயே துணியைக் கழற்றித் துவைத்தேன். அழுக்காகத்தான் இருந்தது, துவைக்க வேண்டியதுதான். துவைக்கும் முன்பு ஊக்குகளைக் கழற்றினேன், துரு பிடிக்கும், கழற்றத்தான் வேண்டும். பொத்தானைப் பிய்த்தேன். வளையல் துண்டின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். இதுவரைக்கும் எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. காய்ந்ததும் திரும்ப மாட்டினேன். ஊக்குகள் ஒரு கிண்ணத்தில் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. திரும்பக் குத்தவில்லை. சாமான்களையும் பார்ப்பதற்கு அழகாக இருக்கட்டும் என்று மாற்றி அடுக்கினேன், மருந்து மாத்திரை கண்ணில் படாதபடி கீழ் வரிசைக்கு, நூல்கண்டுகள் கலர் கலராகத் தெரியும்படி மேலே. இதற்கும் காரணம் சொல்ல முடியுமா? ஜெசிந்தா வந்து, பார்த்து, போட்டோ எடுத்து அனுப்பினாள். போட்டோவின் ஓரத்தில் மதினியின் தோளும் கையும் விழுந்திருந்தன. அதை வெட்டிவிட்டுத்தான் ஸ்டேட்டஸில் வைத்தேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது ஹரிணி கேட்டாள், அம்மா, ஊக்கெல்லாம் எங்கே? அத்தைக்கு மனப்பாடம் ஆயிட்டு, இனிமே வேண்டாம்ன்னுட்டாக என்றேன். மதினி குளியலறையில் இருந்தாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இருந்ததால்தான் அப்படிச் சொன்னேன். சத்தம் நின்றிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அப்படியென்றால் எனக்குத் தெரிந்திருக்கிறது. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் செய்யவில்லை. திங்கட்கிழமை காலையில் அவசரத்துக்கு அந்தக் கிண்ணத்திலிருந்தே ஒரு ஊக்கை எடுத்து என் முந்தானையில் குத்திக்கொண்டு வேலைக்குப் போனேன்.

திங்கட்கிழமை சாயங்காலம். இதற்குத்தான் வந்து நிற்கிறேன், எங்கே சுற்றினாலும் இங்கேதான் வந்து நிற்கிறது. நாலு நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவிலும், பஸ்ஸிலும், அடுப்பு முன்னாலும். நான் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். ஹாலில் சத்தமே இல்லை என்று எட்டிப் பார்த்தேன். மதினி சுவருக்கு முன்னால் நின்றிருந்தாள். விரல் முதல் பையின் விளிம்பில் ஓடியது. அடுத்த பை. அடுத்த பை. நாலாவது முடிந்ததும் கீழ் வரிசை. அவசரமில்லாமல், எதையோ எண்ணுகிறவள் மாதிரி. ஒவ்வொரு விளிம்பிலும் ஊக்கு இருந்த இடத்தில் விரல் நின்றது, துணியைத் தேய்த்துப் பார்த்தது, நகர்ந்தது. நான் கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்று பார்த்தேன். மதினி, நான்தான் கழற்றினேன், இருங்க குத்தித் தாரேன். பத்துச் சொல்கூட இல்லை. சொல்ல வாய் வரவில்லை. கடைசிப் பைவரை போனாள். பிறகு தலையை என் பக்கமாகத் திருப்பினாள். நான் மூச்சை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன்? என் வீட்டில், என் அடுக்களை வாசலில், கண் தெரியாத ஒருத்தி முன்னால் நான் திருடி மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். வெங்காயம் கருகுது பாரு என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அவளுக்கு நான் அங்கே நின்றது தெரிந்ததா? அடுக்களைக்குள் இருக்கிறேன் என்று நினைத்துச் சொன்னாளா? இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான் வரும். எத்தனை தடவை புரட்டினாலும் அந்த வார்த்தையிலிருந்து வேறு எதுவும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை எனக்கு அரை நாள். ஒன்றரை மணிக்குக் கதவைத் திறந்தேன். முதலில் சாமான்களைத்தான் பார்த்தேன். என்ன இது, யார் இப்படி இறைத்தது என்று கோபம்கூட வந்தது, ஒரு நொடி, அந்தக் கோபத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நூல்கண்டுகள் ஜன்னல் வரை உருண்டு கிடந்தன. சார்ஜர்கள், பேனாக்கள், பில்கள், சீப்பு. மேல் வரிசை முழுக்கக் காலி, இரண்டாவது வரிசை காலி, மூன்றாவது, நாலாவது. ஐந்தாவதில் பாதி. அதற்குக் கீழே மதினி ஒருக்களித்துக் கிடந்தாள், ஒரு கை உடம்புக்கு அடியில் மடங்கி, புருவத்தில் ரத்தம் காய்ந்து. ஆறாவது வரிசையில்தான் நான் கல்கண்டை வைத்திருந்தேன். இன்னும் ஆறே பை. அவள் போன்கூட அந்த வரிசையில்தான் இருந்தது. எவ்வளவு நேரமாகத் தேடினாள், கை நடுங்கியபடி ஒவ்வொரு பையாகக் கவிழ்த்து, வாயில் போட்டுப் பார்த்து. ஆம், போட்டுப் பார்த்திருக்கிறாள், ஹரிணி பென்சில் அழிக்கிற ரப்பர் துண்டு ஒன்றில் பல் பதிந்திருந்தது. அதை நான் எடுத்து என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன், கல்கண்டைத் தண்ணீரில் கரைத்து அவள் உதட்டில் தடவினேன், எல்லாம் செய்தேன், அதற்கு நடுவில் அந்த ரப்பரை எடுத்து ஒளித்தும் வைத்தேன். மணிக்கட்டில் எலும்பு முறிவு, புருவத்தில் ஐந்து தையல். இன்னும் அரை மணி நேரம் தாமதமாகி இருந்தால் சொல்ல முடியாது என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். நல்ல வேளை நீங்க வந்தீங்க என்றார். நயினார் என் தோளைத் தொட்டார். மதினி கண் விழித்ததும், என்னம்மா ஆச்சு என்று டாக்டர் கேட்டபோது, ஊசி போட்டுட்டுச் சரியாச் சாப்பிடலை, தலை சுத்திட்டு என்றாள். அவ்வளவுதான். நாலு நாளாக எல்லாரிடமும் அதே வாக்கியம். நான் ஹார்லிக்ஸ் கரைத்துக் கொடுத்தால் வாங்கிக் குடித்தாள். ஹரிணி மட்டும் அத்தையைப் பார்க்க வந்த அன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது மணி என்ன? பன்னிரண்டு ஆகப்போகிறது. எல்லாப் பையும் காலி. எல்லாக் கூடையும் காலி. எல்லாம் தரையில். எதை எங்கே வைப்பது? அலமாரியே இல்லை, நான்தான் எடுத்துக் கீழ்வீட்டுக்குக் கொடுத்தேன். பழைய இடம் என்று ஒன்று இந்த வீட்டில் எங்கேயும் இல்லை, அது அவள் கையில் மட்டும்தான் இருந்தது. ஐயோ, தரை. வாசலிலிருந்து சுவர்வரை கால் வைக்க இடமில்லை. கத்தரிக்கோல் வாய் திறந்து கிடக்கிறது. ஒரு கை கட்டுப்போட்டு வருகிறவளுக்குத் தடுமாறினால் பிடிக்க இன்னொரு கைதான் இருக்கிறது. குனிந்து அள்ளுகிறேன், சேலை மடியில் அள்ளுகிறேன், நூல்கண்டு உருண்டு ஓடுகிறது, கீழே ஆட்டோ நிற்கிறது, படியில் காலடிச் சத்தம். ஒரு ஆளின் காலடி. மெதுவாக, ஒவ்வொரு படியாக. இவர் சாமான் எடுக்க நிற்கிறார் போல. மடி நிறையச் சாமானோடு நான் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கிறேன்.

மதினி வாசலில் நின்றாள். கட்டுப்போட்ட கை கழுத்துத் துணியில் தொங்கியது. மற்ற கை நிலையைப் பிடித்திருந்தது. முகம் ஒரு பக்கம் வீங்கி, தையல் தெரிந்தது. உள்ளே கால் வைக்கவில்லை.

"தரையில என்ன கிடக்கு?" என்றாள்.

"சாமான் மதினி. அப்படியே நில்லுங்க. சுவர்ல இருந்ததை எல்லாம் எடுத்துப் பழையபடி வைக்கலாம்னு எடுத்தேன். முடியலை."

"ஏன் எடுத்த?"

இவர் கீழே ஆட்டோக்காரரோடு பேசுவது கேட்டது. இன்னும் அரை நிமிஷம் இருக்கலாம். மடியிலிருந்து ஏதோ விழுந்தது. இப்போது சொல்லாவிட்டால் நான் இனி எப்போதும் சொல்ல மாட்டேன், ஹார்லிக்ஸ் கரைத்துக் கொடுத்தே கழித்துவிடுவேன் என்று தெரிந்தது.

"ஊக்கு நான்தான் கழட்டினேன். துவைக்கணும்னு கழட்டினேன். திரும்பக் குத்தாதது மறந்து போய் இல்லை மதினி. வேணும்ன்னுதான் குத்தலை. கல்கண்டையும் நான்தான் மாத்தி வச்சேன்."

நிலையைப் பிடித்திருந்த மதினியின் விரல்கள் மரத்தைத் தடவின.

"தெரியும்" என்றாள் பிறகு. "ஒண்ணு ரெண்டு ஊக்குன்னா விழுந்திருக்கும். எல்லாமா விழும்? திங்கக்கிழமை நீ வாசல்ல நின்னியே. அப்பமே சொல்லுவேன்னு பாத்தேன்."

"நீங்க கேட்டிருக்கலாமே மதினி."

"கேட்டா நீ இல்லைன்னு சொல்லியிருப்ப. பொறவு ரெண்டு பேரும் ஒரே வீட்ல எப்படி இருக்க?"

நான் அழவில்லை. அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அது எனக்கு வேண்டாம்.

"சரின்னு செவ்வாக்கிழமை நானே புதுசாப் படிச்சிக்கிடலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள கிறுகிறுன்னு வந்துட்டு" என்றாள். "என் மேலேயும் தப்பு இருக்கு. ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுன்னு வீம்பு. ஆனா பகவதி, நான் ரொம்பப் பயந்துட்டேன். அதை நான் மறக்க மாட்டேன். மறந்துருவேன்னு உங்கிட்ட பொய் சொல்லலை."

நயினார் மேலே வந்துவிட்டார். ஒரு கையில் தலையணை, பிளாஸ்க். இன்னொரு கையில் ஆஸ்பத்திரி மருந்துப் பை. அக்காள் வாசலிலேயே நிற்பதையும், என் மடியையும், காலிச் சுவரையும் பார்த்தார். என்ன இது என்றார். அவரிடமும் சொன்னேன். அதே வார்த்தைகளில், கூட்டாமல் குறைக்காமல். ஹரிணியிடம் சொன்ன பொய்யையும், ரப்பரையும் சொன்னேன். ரப்பர் என்றதும் மதினியின் முகம் லேசாகத் திரும்பியது, அதைக் கடித்தது அவளுக்கே தெரியாது போல. இவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருந்திருக்கும்.

"எந்த ஊக்கு?" என்று கேட்டார்.

"பையில குத்தியிருந்தது."

"பையில ஊக்கு குத்தியிருந்ததா?"

அந்தச் சுவருக்கு எதிரேதான் அவர் தினமும் உட்கார்ந்து காபி குடிப்பார். அவர் அக்காளின் முகத்தைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். தலையணையைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, வாசலிலிருந்து படுக்கையறைவரை ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்குச் சாமான்களைக் கையால் ஒதுக்கினார். என்னைப் பார்க்கவில்லை. நானும் மடியில் இருந்ததை மூலையில் கொட்டிவிட்டு இன்னொரு பக்கம் ஒதுக்கினேன். மதினி அந்த வழியில் நடந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு அடியும் வைக்கும் முன்பு கால் விரலால் தரையைத் தொட்டுப் பார்த்தாள். இந்த வீட்டில் மூன்று வருஷத்தில் அவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

இவர் மருந்துப் பையை என்னிடம் நீட்டிவிட்டு, முகம் கழுவப் போனார். குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. பையில் மாத்திரைகள், ஊசி மருந்து, குளிர்ச்சியாக வைக்க வேண்டியது ஒன்று, ஐஸ் பொட்டலத்தோடு. ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். வைக்க இடம் இல்லாமல் இல்லை. ஜன்னல் திட்டு இருக்கிறது, மேஜை இருக்கிறது, காலிப் பைகள் இருபத்துநான்கு இருக்கின்றன. எதிலும் வைக்கக் கை போகவில்லை. கட்டில் பக்கமாகப் போய் நின்றேன்.

"மதினி, மருந்தை எங்கே வைக்கட்டும்?"

அவள் யோசித்தாள். நல்ல கை மெத்தையின் ஓரத்தைத் தடவி, தலையணையைத் தொட்டு, கட்டில் சட்டத்தைத் தொட்டு, மடிக்குத் திரும்பியது.

"எனக்கு இப்பம் ஒண்ணும் தோணலை" என்றாள். "உன் கையிலேயே இருக்கட்டும்."

சரி மதினி என்றேன். பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன்.